கோரக்கர் மூலியும் 31ஆவது கேள்வியும்

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் ஒரு இருபது வரைக்கும் உற்சாகமாக எண்ணுவார்கள். அதற்குப் பிறகு பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார்கள்.

மேலே போனால் அறப்பளீஸ்வரர் கோவில், ஆகாய கங்கை அருவி, மிளகுக் கொடி, பலா, அன்னாசி, வல்வில் ஓரியின் சிலை... இதெல்லாம் சுற்றுலா போகிறவர்களுக்குத் தெரிந்தது. அருவிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று இரண்டு குகைகளையும் காட்டுவார்கள். கோரக்கர் பதினெண் சித்தர்களில் ஒருவர். இந்தக் கட்டுரைக்கு அவர் ஏன் வருகிறார் என்றால், சித்த மருத்துவத்தில் கஞ்சாச் செடிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கோரக்கர் மூலி!

இந்தப் பெயர் பல வீடுகளில் பெரிய சண்டைக்குக் காரணம். "சித்தர்களே பயன்படுத்தினது, இது மூலிகை, இயற்கை" என்று புகைக்கிற பையன் சொல்வான். எதிரில் நிற்கிற அம்மாவுக்குப் பதில் தெரியாது. சித்தர் பெயரை இழுத்த பிறகு அவர் என்ன பேச முடியும்? ஆனால் பதில் இருக்கிறது. சித்த மருந்துகளில் கஞ்சா சேர்வது உண்மை. அது மருத்துவர் மேற்பார்வையில், சுத்தி செய்து, அளவோடு சேர்க்கிற சரக்கு. இந்திய மருந்துச் சட்ட விதிகளிலும் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கான நச்சுப் பொருள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. பீடிப் புகையிலையோடு கசக்கி ஒரு நாளைக்கு ஐந்து தடவை இழுப்பதற்கும் கோரக்கருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இதே மலையோடு சேர்த்துச் சங்க இலக்கியம் சொல்லும் இன்னொரு பெயரும் உண்டு, கொல்லிப்பாவை. பார்ப்பவரைச் சிரித்து மயக்கி உயிரை வாங்கும் பாவை. உவமை தானாக வந்து நிற்கிறது, அதை இழுத்து நீட்ட வேண்டாம்.

கஞ்சாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் நிறையப் பேர். செடியின் சரித்திரம், வரியின் சரித்திரம், தடையின் சரித்திரம், கடத்தலின் சரித்திரம் எல்லாம் கிடைக்கும். பத்து வருடமாகப் புகைக்கிற அண்ணனையோ கணவனையோ அதிலிருந்து மீட்க முயன்றவர்களின் சரித்திரம் எங்கே? அதைத் தேடிப் போனால் முதலில் கையில் கிடைப்பது ஒரு வெள்ளைக்கார கமிஷன்.

1893 மார்ச்சில் லண்டன் பாராளுமன்றத்தில் மார்க் ஸ்டூவர்ட் என்ற உறுப்பினர் இந்தியாவின் கஞ்சா பற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக அதே வருடம் ஜூலையில் இந்திய சணல் போதைப்பொருள் கமிஷன் அமைக்கப்பட்டது. மெக்வொர்த் யங் தலைவர். மொத்தம் 7 பேர், அதில் 3 பேர் இந்தியர்கள். நாடு முழுக்கச் சுற்றினார்கள். 1,193 சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். 1894ல் வெளிவந்த அறிக்கை 3,000 பக்கங்களைத் தாண்டியது. இன்றைக்கும் உலகத்தில் கஞ்சா பற்றிப் பேசுகிறவர்கள் யாராக இருந்தாலும், ஆதரவோ எதிர்ப்போ, இந்த அறிக்கையைத் தொடாமல் போக மாட்டார்கள்.

சாட்சிகளுக்கு அனுப்பிய கேள்விகள் 70. (ஆமாம், கொல்லிமலை வளைவுகளும் 70! தற்செயல்தான்.) எங்கே விளைகிறது, யார் விற்கிறார்கள், என்ன விலை, எவ்வளவு வரி, எந்த சாதியார் புகைக்கிறார்கள், எந்தச் சாமிக்குப் படைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். நடுவில் 31ஆவது கேள்வி வரும். இந்தப் பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்கிறதா, விடுவது கஷ்டமா, கொஞ்சமாக ஆரம்பித்தது அதிகமாக வளர்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி.

விடுவது கஷ்டமா? இதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர் யார் என்று நினைக்கிறீர்கள்? புகைப்பவர் ஒருவர். கூடவே வசிப்பவர் இன்னொருவர். ஆனால் கமிஷன் சாட்சிகளை வகைப்படுத்திய பட்டியலைப் பார்த்தால் கலெக்டர்கள், கலால் அதிகாரிகள், டாக்டர்கள், வைத்தியர்கள், பாதிரியார்கள், பயிரிடுபவர்கள், வியாபாரிகள், சங்கங்கள் என்று இருக்கும். மனைவி, தாய், தமக்கை என்று ஒரு வகையே கிடையாது. வீட்டுக்குள் நடப்பதற்குச் சாட்சி, வீட்டுக்கு வெளியே இருந்தவர்கள்!

அதே அறிக்கையில் மிக நேர்மையான ஒரு பகுதியும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறது என்று அப்போது பரவலாக நம்பினார்கள். மனநல விடுதிகளின் (அன்றைய வழக்கில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி) பதிவேடுகளே அதற்கு ஆதாரம். 1892ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா என்று எழுதியிருந்தது. கமிஷன் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொருவரின் விவரத்தையும் திரும்ப விசாரிக்கச் சொன்னது. விசாரித்த பிறகு ஏற்க முடிந்தது 98 மட்டுமே. மற்றதெல்லாம் எப்படி வந்தது? தெருவில் திரிந்தவரைப் போலீஸ் பிடித்து வருகிறது. படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் மேலதிகாரி திட்டுவார். கஞ்சா என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அவர் வீட்டில் யாராவது இருக்கிறார்களா, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார் என்று கேட்க ஆளில்லை. அந்த 98 பேரின் விஷயம் பொய்யில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கஞ்சா எல்லோரையும் பைத்தியமாக்குவதில்லை. சிலருக்கு, குறிப்பாகச் சின்ன வயதில் தொடங்கி அதிகமாகப் புகைப்பவர்களில் சிலருக்கு, மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

கடைசியில் கமிஷன் என்ன சொன்னது? மிதமாகப் பயன்படுத்துவதில் பெரிய கேடில்லை, அதிகமானால் கேடு, முழுத் தடை வேண்டாம், லைசென்சும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்றது. கணக்குப் பிள்ளை மாதிரியான முடிவு! சென்னை மாகாணத்தில் அதற்கான ஏற்பாடும் இருந்தது. கிருஷ்ணா பகுதியில் தக்குபாடு, வட ஆற்காட்டில் ஜவ்வாது மலை ஆகிய இடங்களில் விளைச்சல். ஜவ்வாது மலை அடிவாரத்தில் சந்தவாசல் ஊரில் அரசின் கஞ்சாக் கிடங்கு இருந்தது, அங்கிருந்து மாவட்டங்களுக்குச் சரக்கு போகும். எடை போட்டு, தீர்வை கட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் வாழ்பவர்கள் ஒரே மலையாளி பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) அரசாங்கமே கிடங்கு வைத்து விற்ற சரக்கை விட்டுவிடு என்று ஒரு குடும்பம் எந்த வாயால் சொல்லியிருக்கும்?

அடுத்த அத்தியாயம் கொல்லிமலையில் இருந்து அதிக தூரமில்லாத ஒரு கிராமத்தில். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். ரத்தினசபாபதிக் கவுண்டர் இடம் கொடுத்தார். சேலத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை எப்போதோ விட்டிருந்த ராஜாஜி, குடிசை போட்டுக் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார். கதர் ஒரு வேலை, தீண்டாமை ஒழிப்பு ஒரு வேலை, குடியை நிறுத்துவது இன்னொரு வேலை. 1929ல் அங்கிருந்து "விமோசனம்" என்று ஒரு பத்திரிகை. மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை, அதற்குத் துணையாக இருந்தவர் கல்கி! பத்து இதழ்தான் வந்தது. 1930ல் ராஜாஜி வேதாரண்யம் உப்பு யாத்திரை போய் ஜெயிலுக்குப் போனதும் நின்றுவிட்டது.

இந்த ஆசிரமத்தின் வேலைமுறையைக் கவனிக்க வேண்டும். கள்ளு குடிப்பவரைத் தூரத்தில் இருந்து திட்டவில்லை. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். நூற்கத் தெரிந்த பெண்கள் கையில் கொஞ்சம் காசு சேர வழி பண்ணினார்கள். வீட்டில் மருந்தில்லை என்றால் மருந்து கொடுத்தார்கள். ஒருவனைக் குடியிலிருந்து இழுப்பதற்கு அவன் வீட்டை முதலில் நிற்க வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது.

1937ல் ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனார் (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள்). சென்னை மதுவிலக்குச் சட்டம் வந்தது. முதலில் அமலான இடம் சேலம் மாவட்டம், நாள் 1937 அக்டோபர் 1. கொல்லிமலை அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997ல். மதுவிலக்கு என்றதும் எல்லோரும் கள், சாராயம் மட்டும் நினைப்பார்கள். அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே போதை மருந்துகளும் உண்டு, கஞ்சாவும் அதற்குள் அடக்கம். ஆக, இந்த மலையில் கஞ்சாவுக்குச் சட்டத்தடை வந்து 85 வருடங்களுக்கு மேல் ஆகிறது.

வணிகவியல் படிப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கலால் வருமானம் போனால் கஜானா என்ன ஆகும்? அதை ஈடுகட்டத்தான் 1939ல் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. அதிலிருந்து கிளை விட்டு வளர்ந்ததுதான் பிற்பாடு வந்த வாட், இப்போதைய ஜிஎஸ்டி வரைக்குமான கதை. பரீட்சையில் விற்பனை வரியின் வரலாறு எழுதும்போது இதை ஒரு வரி சேர்த்தால் மார்க் வரும்!

மதுவிலக்கு 1938ல் சித்தூர், கடப்பை, 1939ல் வட ஆற்காடு என்று பரவியது. உலகப் போர்க் காலத்தில் கைவிடப்பட்டது, சுதந்திரத்துக்குப் பின் மாகாணம் முழுக்க வந்தது, 1971ல் திறந்தார்கள், பிறகு மூடினார்கள், திரும்பத் திறந்தார்கள், 1983ல் டாஸ்மாக் வந்தது. இந்தத் திறப்பும் மூடலும் நடந்த வருடங்கள் அத்தனையிலும் வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரே வேலைதான், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சட்டம் கடையை மூடும். கடை மூடியதும் கை நடுங்குகிறவனை எங்கே கூட்டிப் போவது என்று எந்தச் சட்டமும் அப்போது சொல்லவில்லை.

கஞ்சாவுக்கு நாடு தழுவிய தடை வேறு வழியில் வந்தது. 1961ல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஒப்பந்தம், அதில் இந்தியாவும் சேர்ந்தது. பாங்கு இலைக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டது. 1985 நவம்பர் 14ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பூவும் காயுமான நுனிப்பகுதி கஞ்சா. 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு.

இந்தச் சட்டம் குடும்பங்களைப் பேச விடாமல் செய்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீசில் மாட்டிவிடுவார்கள்" என்ற பயத்தில் வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே மூடி வைப்பவர்கள் ஏராளம். அவர்களுக்காக இரண்டு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் போவது குற்றமில்லை. வழக்கே போட்டிருந்தாலும், புகைத்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ ஆன வழக்காக இருந்தால், அடிமையானவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கில் இருந்து விலக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். 39ஆவது பிரிவின்படி, குற்றம் நிரூபணமானவரைக்கூட நீதிமன்றம் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப முடியும். இவ்வளவு நல்ல பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் தூங்குகின்றன. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒட்ட வேண்டிய செய்தி இது.

குடும்பம் எப்போது சிகிச்சைக்குள் வந்தது? சந்தவாசலில் இருந்து ரொம்ப தூரமில்லாத வேலூரில் அதன் தொடக்கம் ஒன்று இருக்கிறது. 1957ல் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் உருவானபோது, டாக்டர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் ஒரு வழக்கத்தை வைத்தார். நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், கட்டில் பற்றாததால் வளாகத்துக்குள் கூடாரம் அடித்து, நோயாளிகளை உறவினர்களோடு தங்க வைத்துப் பார்த்தார். மேல்நாட்டில் அன்று நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்துப் பூட்டி வைத்திருந்தார்கள். இங்கே செலவைக் குறைக்கச் செய்தது போல ஆரம்பித்தது, வைத்தியமாகவே ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்து பார்த்த அம்மாவுக்கு நோய் என்ன என்று புரிந்தது. திட்டுவது குறைந்தது. வீட்டுக்குப் போன பிறகு மாத்திரை தவறவில்லை.

போதைப் பழக்கத்துக்கு இதே வழி வந்தது சென்னையில், ஒரு சாவுக்குப் பிறகு. டி.டி.கே. என்ற பெயர் சமையலறையில் பிரஷர் குக்கர் உள்ள எல்லோருக்கும் தெரியும். மத்திய நிதி அமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன். பணம், படிப்பு, செல்வாக்கு எதற்கும் குறைவில்லை. குடிநோய் அவரை விடவில்லை. 1979ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன். நாட்டில் இதற்கென்று தனி சிகிச்சை இடங்கள் அரிதாக இருந்த காலம். கணவர் குடிக்கிறார் என்பதை வெளியே சொல்லவே கூசுகிற காலம். அப்படிப்பட்ட நேரத்தில், கணவர் பெயரிலேயே 1980ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதுதான். குடிக்கு மட்டுமில்லை, கஞ்சா, ஹெராயின் உள்ளிட்ட மற்ற போதைகளுக்கும் சிகிச்சை உண்டு. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1999ல் ஐ.நா.வின் வியன்னா சமூகநல விருது முதல் தடவையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

விருதுகளைவிட முக்கியம் அங்கே வைத்த முறை. நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்துக்கும் தனியாக வகுப்பு. மனைவியோ அம்மாவோ தினமும் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது, அவர்கள்தான் ஒழுங்காக இருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் பத்து வருடம் ஒரு போதைக்காரரோடு வாழ்ந்த வீடு தானும் நோய்ப்பட்டிருக்கும். ஆபீசுக்குப் போன் பண்ணி "காய்ச்சல்" என்று பொய் சொல்வது மனைவி. பொட்டலம் வாங்கின கடனை அடைப்பது அம்மா. தேடி எடுத்து கழிவறையில் கொட்டுவது தங்கை. அப்பா பேசுவதையே நிறுத்தியிருப்பார். எல்லாம் அன்பால் செய்ததுதான், ஆனால் புகைப்பவருக்கு அதனால் ஒரு கஷ்டமும் தெரியாமல் போகிறது. அதைக் குற்றம் சாட்டாமல் எடுத்துச் சொல்ல, அதே நெருப்பில் வெந்த ஒருவர் ஏற்படுத்திய இடம் தேவைப்பட்டது.

நகரத்தில் மருத்துவமனை இருந்தால் கிராமத்துக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கும் அவர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். 1980களின் இறுதியில் இருந்து இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் குடிநோய்க்கு முகாம் போட்டார்கள். டாக்டரும் ஆலோசகரும் ஊருக்கு வந்து தங்குவார்கள். சுமார் 15 நாள், ஊர்க்காரர்கள் உதவியோடு, குடும்பங்களையும் அழைத்து நடத்துவது. ஒரே ஊரில் பத்திருபது பேர் சேர்ந்து நிறுத்தும்போது டீக்கடையில் ஒருவருக்கொருவர் துணை. தனியாக நிறுத்தியவன் மட்டும்தான் "என்னடா சாமியார் ஆயிட்டியா" என்ற கேலிக்கு ஆளாவான்.

கொல்லிமலையில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊர்களே நாடு நாடாகத்தான் பிரிந்திருக்கின்றன. ஒரு நாட்டுக்குள் எல்லோரும் மாமன், மச்சான், பங்காளி. இப்படிப்பட்ட இடத்துக்கு மஞ்சக்குடி முறைதான் பொருந்தும். இது யோசனை மட்டுமே. கீழே நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. மலைக்காரருக்கு அது 70 வளைவு இறங்கிப் போய் வரவேண்டிய இடம், ஒரு நாள் கூலி போய்விடும். வாராவாரம் ஆலோசனைக்கு வா என்றால் எத்தனை வாரம் வருவார்?

கஞ்சாவை நிறுத்தினால் உடம்பில் என்ன நடக்கும் என்பது குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சாவில் அப்படி இல்லை. ஆனால் "ஒன்றுமே ஆகாது" என்பதும் பொய். ஒன்றிரண்டு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்காமை, வியர்வை, விசித்திரமான கனவுகள். முதல் வாரம்தான் உச்சம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் சீராக இன்னும் சில வாரம் ஆகலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதை ஒரு தனி நிலையாகச் சேர்த்தது 2013ல்தான். 31ஆவது கேள்வி கேட்டு 120 வருடம் கழித்து! நம்மூரில் பீடிப் புகையிலையோடு கலந்து இழுப்பதால் நிகோடின் ஏக்கமும் சேர்ந்து வரும். அந்த இரண்டு வாரத்தில் தட்டைத் தூக்கி எறிவான். "கஞ்சா அடிச்சப்பவே நல்லா இருந்தான்" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். பல பேர் திரும்பப் போவது அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்றெல்லாம் சொன்னால் அது இந்தக் கணக்கில் வராது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும், மந்திரிப்பதில் நாளைக் கடத்தக் கூடாது.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்த முதல் வாரங்களைக் கடக்க வெகு காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், மாலை போடுவது. ஐயப்பனுக்கு 41 நாள் விரதம். குளிர்ந்த நீரில் குளிப்பது, தரையில் படுப்பது, காலை மாலை பூஜை, கூடவே நாலு சாமிகள். ஊரே "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடும். மருத்துவர் கண்ணில் பார்த்தால் இதில் எல்லாமே இருக்கிறது. உச்சகட்டத் தொந்தரவைக் கடக்கப் போதுமான நாட்கள், நேரத்தை நிரப்ப வேலை, மாறிய நண்பர் கூட்டம், வீட்டின் ஒத்துழைப்பு, முக்கியமாக மரியாதை. அதில் ஓட்டை ஒன்றே ஒன்று, 42ஆவது நாள். மாலையைக் கழற்றியதும் பழைய பாறை, பழைய கூட்டாளிகள். நிறுத்த முடியும் என்று நிரூபித்த மனிதரை 42ஆவது நாளே ஒரு ஆலோசகரிடம் கூட்டிப் போயிருந்தால்... என்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

வர மறுக்கிறவரை எப்படி வரவழைப்பது என்பதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்து ராபர்ட் மேயர்சும் அவர் குழுவும். சிகிச்சைக்கு வர மறுத்த குடிகாரர்களின் குடும்பத்தார் 130 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். 1999ல் முடிவு வந்தது. குடும்பம் தன் மனதைத் தேற்றிக்கொள்ள மட்டும் கற்ற பிரிவில் 13 சதவீதம் பேரே சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி ஒரு நாள் எதிரில் உட்கார்ந்து "போறியா இல்லையா" என்று கேட்கும் முறையில் 30 சதவீதம். குடும்பத்துக்கு நடந்துகொள்ளும் விதத்தைப் பழக்கிய பிரிவில் 64 சதவீதம். போதைப்பொருள் பயன்படுத்துவோரின் குடும்பங்கள் 62ஐ வைத்துச் செய்ததில் 74 சதவீதம் பேர் வந்தார்கள்.

அப்படி என்ன பழக்கினார்கள்? தெளிவாக இருக்கும் நேரத்தில் பாசமாகப் பேசு, பிடித்ததைச் சமைத்துக் கொடு. போதையில் இருக்கும்போது சண்டையும் வேண்டாம், உபசாரமும் வேண்டாம், விலகிப்போ. அவன் செய்த தவறின் பலனை அவனே அனுபவிக்கட்டும், நீ துடைக்காதே. அடிக்க வந்தால் உன் பாதுகாப்பு முதலில். அவனே நொந்துகொள்ளும் ஒரு நேரம் வரும், அப்போது "நாளைக்கே போலாம், நானும் வரேன்" என்று சொல்லத் தயாராக இடத்தையும் டாக்டரையும் முன்பே விசாரித்து வைத்திரு. அந்த "நாளைக்கே"தான் முக்கியம். அடுத்த மாதம் என்றால் போச்சு. இந்தியாவில் அப்படி விசாரிக்க 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. புகைப்பவரே பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, வீட்டில் இருப்பவர் பேசலாம்.

எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் கஞ்சா, பாங்கு போன்றவற்றைப் பயன்படுத்துபவர்கள் சுமார் 3.1 கோடி. அதில் பழக்கம் பிரச்சினையாகி உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம். பெரும்பான்மைக்கு அது நோயாகவில்லை என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. அதனால்தான் "எல்லாரும்தான் அடிக்கிறாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு" என்ற வாதம் எடுபடுகிறது. அந்த 72 லட்சத்தில் ஒருவர் வீட்டில் இருந்தால் மீதிப் பேரின் கணக்கு எதற்கு உதவும்?

1892ல் படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தைப் போலீஸ்காரர் நிரப்பினார் இல்லையா, இன்றைக்கு இந்திய மருத்துவமனைகளில் மனநலப் பிரிவின் கேஸ் ஷீட் வேறு மாதிரி ஆரம்பிக்கிறது. நோயாளியின் பெயர், வயது, ஊர். அதற்கு அடுத்தபடியாகத் தகவல் சொல்பவர் யார், நோயாளிக்கு என்ன உறவு, எத்தனை வருடமாகக் கூட வசிக்கிறார், அவர் சொல்வது நம்பத் தகுந்ததா என்ற கேள்விகள். 70 வளைவும் இறங்கி, பையனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த அம்மா சொல்லச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொள்கிறார்.